640 மீட்டர் ஆழத்துத் தங்கம்: துளை போடும் செலவையும் வரவையும் கணக்குப் பார்ப்பது எப்படி

போன மாதம் அக்கா மகன், தங்கம் தேடும் ஒரு நிறுவனத்தின் தாளோடு வந்தான். பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து பாலம் தாண்டி பட்டர்வொர்த்துக்கு நேராக வந்தவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, நீங்க லம்பத்துல இருந்தவங்கதானே, இதக் கொஞ்சம் பாருங்க." லம்பம் என்றால் எங்கள் பேச்சில் சுரங்கம். தாளில் ஒரு வரியின் மேல் மஞ்சள் மை அடித்திருந்தான். 640 மீட்டர் ஆழத்திலிருந்து 12 மீட்டர் நீளம், டன்னுக்கு 8 கிராம் தங்கம். இதை நம்பிச் சேமிப்பிலிருந்து 30,000 ரிங்கிட் போடலாமா என்று கேட்டான்.

நான் பொறியாளன் இல்லை. பகாங்கிலும் கிளந்தானிலும் துளையிடும் குத்தகைக்காரர்களிடம் 14 ஆண்டுகள் ஸ்டோரும் கணக்கும் பார்த்தவன். ராடு (துளைக்குள் இறங்கும் இரும்புக் குழாய்) எத்தனை போனது, டீசல் எவ்வளவு எரிந்தது, எந்தத் துளை கணக்கை மீறியது என்று எழுதி வைத்தவன். அவனுக்கு அன்று சொன்னதை இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பணம் போட நினைப்பவர்கள், நிபோங் தெபாலில் கனிமவளப் பொறியியல் படித்துவிட்டு முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் இது உதவும். பாறையில் எவ்வளவு தங்கம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அந்த ஆழத்துக்கு யார் காசு கொடுப்பது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

முதல் படி: மீட்டர் விலையை நம்பாமல் முழுச் செலவையும் கேளுங்கள்

துளை போடுவதில் இரண்டு முறைகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, காற்றழுத்தத்தில் சுத்தியல்போல் அடித்துப் பாறையைத் தூளாக்கி மேலே கொண்டுவருவது. மலிவு, வேகம், ஆனால் பெரும்பாலும் இருநூறு முந்நூறு மீட்டரோடு நின்றுவிடும். இன்னொன்று, முனையில் வைரத்துகள் பதித்த பிட்டால் பாறையைச் சுற்றி அறுத்து, நடுவில் மிஞ்சும் உருளையை அப்படியே எடுப்பது. அந்த உருளையைத்தான் கோர் என்கிறோம். ஆழம் போக வேண்டுமென்றால் இதுதான் வழி. மேலே 85 மில்லிமீட்டர் கோரில் தொடங்கி, பாறை தொல்லை கொடுக்கும் இடத்தில் 63.5க்கும், அப்புறம் 47.6க்கும் இறங்குவார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில். மீட்டருக்கு இத்தனை என்று விலை சொன்னால், 600 மீட்டருக்கு 100 மீட்டரைப்போல் ஆறு மடங்குதானே என்று பெருக்கிப் பார்க்கிறார்கள். அப்படி வராது. 47.6 அளவுக்குப் போகும் 3 மீட்டர் ராடு ஒன்றின் எடை சுமார் 23 கிலோ. 640 மீட்டருக்கு 213 ராடுகள் வேண்டும், ஏறக்குறைய 5 டன் இரும்பு. கீழே பிட் தேய்ந்துவிட்டால் அந்த 213 ராடுகளையும் வெளியே இழுத்து, மூட்டு மூட்டாகக் கழற்றி அடுக்கி, புது பிட் மாட்டித் திரும்ப ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு மீட்டர்கூடத் துளை இறங்காது. சம்பளமும் டீசலும் மட்டும் ஓடும். பிட் நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு 3 மீட்டருக்கும் உள்குழாயைக் கம்பியில் இழுத்துக் கோரை எடுத்தாக வேண்டும். 30 மீட்டரில் அது ஒரு சிகரெட் நேரம். 600 மீட்டரில் ரிக் (துளையிடும் எந்திரம்) பையன்கள் பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றி முடித்த பிறகும் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்.

பகாங்கில் ஒரு துளை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 410 மீட்டரில், பாறை நொறுங்கிக் களிமண்ணாகிப்போன ஒரு பிளவுப் பகுதி. இரவு இரண்டு மணிக்கு ராடு சுற்றுவதை நிறுத்தியது. களிமண் தண்ணீரைக் குடித்து ஊதிக் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் இழுத்தார்கள், எண்ணெய் விட்டார்கள், திருப்பினார்கள். கடைசியில் கீழிருந்த 20 ராடுகளையும் பிட்டையும் உள்ளேயே விட்டுவிட்டு, மேலே ஓர் இடத்திலிருந்து பக்கவாட்டில் புதிதாகத் துளைத்தார்கள். எங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் பட்ஜெட்டில் மீட்டர் விலை மட்டுமே இருந்தது. ரிக் சும்மா நின்ற மணிநேரக் கூலி, தொலைந்த ராடு, துளைக்குள் விட்ட கூடுதல் மண்குழம்பு, எதற்கும் ஒரு வரி இல்லை. பில்லை நான்தான் தட்டச்சு செய்தேன். மீட்டர் விலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

அதனால், ஒரு துளைக்கு என்ன செலவு என்று கேட்கும்போது இவை எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்: ரிக்கைக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோவது, பாதை வெட்டுவது, தண்ணீர் ஏற்றுவது, மண்குழம்பு, தொலையும் ராடு, துளையின் சாய்வை அளப்பது, புவியியலாளர் சம்பளம், கோர் பெட்டி, கோர் வெட்டுவது, ஆய்வகம், கடைசியில் இடத்தைப் பழையபடி மூடிச் செடி நடுவது. என் அனுபவத்தில், 500 மீட்டருக்குக் கீழே போகும் துளை என்றால் சொல்லும் மீட்டர் விலையை ஒன்றரையால் பெருக்கித்தான் பார்ப்பேன்.

சாய்வை அளப்பதை யாராவது வேண்டாச் செலவு என்று சொன்னால் நம்பாதீர்கள். துளை நேராகப் போவதே இல்லை. தொடக்கத்திலிருந்து 3 டிகிரி விலகினாலே 640 மீட்டரில் 33 மீட்டர் தள்ளிப் போய்விடும். அளக்காத துளையில் கிடைத்த தங்கம் எந்த இடத்துத் தங்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: சராசரியைப் பிரித்துப் பாருங்கள்

"12 மீட்டர், 8 கிராம்" என்பதை மீட்டர் மீட்டராகப் பிரித்துக் கேட்கச் சொன்னேன். நல்ல நிறுவனம் என்றால் அறிக்கையின் பின்னிணைப்பிலேயே இருக்கும். பையன் தேடினான், இருந்தது. ஒரு மீட்டரில் 90 கிராம். மற்ற 11 மீட்டரிலும் அரை அரை கிராம். கூட்டினால் 95.5, 12ஆல் வகுத்தால் 7.96. ஆக, 8 கிராம் என்று எழுதியதில் பொய் இல்லை. ஆனால் தங்கம் இருப்பது ஒரே ஒரு மீட்டரில்.

தங்கத்தில் இது சகஜம். ஒரு பெரிய துணுக்கு மாதிரியில் விழுந்துவிட்டால் எண் எகிறிவிடும். அதனால்தான் கணக்குப் போடுபவர்கள் உச்ச எண்ணுக்கு ஒரு வரம்பு வைப்பார்கள். வரம்பு 30 கிராம் என்று வையுங்கள். அப்போது 30 கூட்டல் 5.5, வகுத்தல் 12. கிட்டத்தட்ட 3 கிராம். மஞ்சள் மை அடித்த 8 இப்போது 3 ஆகிவிட்டது.

அடுத்தது கோணம். தங்கம் இருக்கும் குவார்ட்ஸ் பட்டையைத் துளை செங்குத்தாக வெட்டினால்தான் துளையில் அளந்த நீளமும் பட்டையின் கனமும் ஒன்றாக இருக்கும். 30 டிகிரியில் சாய்வாக வெட்டினால் 12 மீட்டர் நீளம் என்பது 6 மீட்டர் கனம்தான். "உண்மைக் கனம்" என்ற சொல் அறிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

கோரையே பார்க்க முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டால் பெட்டிப் படங்களைக் கேளுங்கள். 47.6 மில்லிமீட்டர் கோர் (இதை என்.கியூ என்பார்கள்) என்றால் விரல் நுனிகள் தொட்டும் தொடாமலும் கைக்குள் அடங்கும் பருமன். பெட்டியில் வரிசையாக அடுக்கி, உள்குழாயை இழுத்த ஒவ்வொரு முறைக்கும் முடிவில் ஆழம் எழுதிய கட்டை வைத்திருப்பார்கள். பிரஷ்ஷால் தண்ணீர் தடவினால் சாம்பல் பாறையில் வெள்ளைக் குவார்ட்ஸ் கோடுகள் பளிச்சென்று எழும். மஞ்சளாக மின்னுவது பெரும்பாலும் பைரைட். தங்கம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். பார்க்க வேண்டியது வேறு. கோர் நீளவாக்கில் இரண்டாக அறுக்கப்பட்டு, ஒரு பாதி பெட்டியில் இன்னும் இருக்கிறதா? கட்டைகளுக்கு இடையே 3 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 2 மீட்டர்தான் இருக்கிறதா? தாது இருக்கும் இடத்திலேயே கோர் காணாமல் போயிருந்தால் அந்தத் தரத்தை நம்ப முடியாது.

பாதிக் கோர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கலிமந்தானில் நடந்த பிரே-எக்ஸ் கதை போதும். பூசாங் என்ற இடத்தில் உலகமே காணாத தங்கம் என்றார்கள். பங்குச் சந்தையில் அந்தக் கனடா நிறுவனத்தின் மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தொட்டது. கோரில் பாதியை வைத்துக்கொள்ளாமல் முழுவதையும் அரைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தூளில் வெளித் தங்கம் கலக்கப்பட்டிருந்தது. 1997இல் ஃப்ரீபோர்ட் நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே புதுத் துளை போட்டுப் பார்த்தபோது தங்கம் இல்லை. சில வாரங்களில் எல்லாம் முடிந்தது. அதன் பிறகுதான் கனடாவில் அறிக்கை விதிகள் இறுகின. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறை 1989இலேயே வந்துவிட்டது. நம் கைக்கு வரும் தாள் இந்த இரண்டில் ஒன்றின்படி எழுதப்பட்டு, பொறுப்பேற்கும் வல்லுநரின் பெயர் அதில் இருக்க வேண்டும். வெற்று மாதிரி, தரம் தெரிந்த மாதிரி, இரட்டை மாதிரி மூன்றையும், முடிவுகளைச் சரிபார்க்க, இடையிடையே ஆய்வகத்துக்கு அனுப்பியதாகவும் எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஆழத்தைக் காசாக்கிப் பாருங்கள்

இனி வருவது கற்பனைக் கணக்கு. எண்களை உங்கள் தாளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பட்டை 200 மீட்டர் நீளம், 150 மீட்டர் உயரம், 6 மீட்டர் கனம், பாறையின் அடர்த்தி 2.7 என்று வையுங்கள். பெருக்கினால் 4,86,000 டன். டன்னுக்கு 3 கிராம் என்றால் 1,458 கிலோ தங்கம். ஒரு டிராய் அவுன்சு 31.1 கிராம், ஆக ஏறத்தாழ 46,900 அவுன்சு.

இதில் முழுவதும் ஆலையில் வந்து சேராது. 90 விழுக்காடு என்று வைத்தால் 42,200. சில பாறையில் அதுவும் கஷ்டம். குவாலா லிப்பிஸுக்குப் பக்கத்தில் பென்ஜோம் சுரங்கத்தில், பாறையில் இருந்த கரிப்பொருள் கரைந்த தங்கத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டது. கரைசலிலிருந்து தங்கத்தைக் கரித்துகளால் பிடிக்கும் வழக்கமான முறையை விட்டு, ரெசின் மணிகளால் பிடிக்கும் முறைக்குப் போக வேண்டியிருந்தது. எனவே ஆலைச் சோதனை நடந்ததா என்றும் கேளுங்கள்.

அவுன்சுக்கு 2,000 அமெரிக்க டாலர் என்று போடுகிறேன். சந்தை விலை எவ்வளவு மேலே இருந்தாலும் கணக்குக்குத் தாழ்ந்த விலைதான் நல்லது. மொத்தம் 8 கோடியே 44 லட்சம் டாலர். கேட்கப் பெரிய தொகை. இப்போது செலவு. தோண்டி, ஏற்றி, அரைத்து, நிர்வாகம் பண்ண டன்னுக்கு 110 டாலர் என்றால் 5 கோடியே 35 லட்சம் போய்விடும். மிச்சம் 3 கோடியே 9 லட்சம்.

அப்புறம் கீழே போகும் பாதை. லாரி இறங்கும் சாய்வுப் பாதை பொதுவாக 7க்கு 1 என்ற சரிவில் வெட்டப்படும். 640 மீட்டர் இறங்க சுமார் 4,500 மீட்டர் நீளச் சுரங்கப்பாதை வேண்டும். மீட்டருக்கு 5,000 டாலர் என்றால் 2 கோடியே 25 லட்சம். மிஞ்சுவது 84 லட்சம் டாலர். அதற்குள் ஆலை கட்டவேண்டும், காற்றோட்டம் அமைக்கவேண்டும், தண்ணீரை வெளியேற்றவேண்டும், மாநில அரசுக்கு ராயல்டி கட்டவேண்டும். முடியாது. இதே பட்டை 60 மீட்டரில் இருந்தால் பாதைக்கு 21 லட்சம்தான், கதையே வேறு.

அக்கா மகன் இந்த இடத்தில்தான் தாளை என்னிடமிருந்து வாங்கி, தன் கைப்பேசியில் ஒருமுறை பெருக்கிப் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "அப்ப ஏன் மாமா அவ்வளவு ஆழம் போடறாங்க?" நியாயமான கேள்வி. மேலே இருந்த சுலபமான தாதுவை நம் தாத்தாக்கள் காலத்திலேயே எடுத்துவிட்டார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஆற்று வண்டலை வாரினாலே ஈயம் (டின் எனும் வெள்ளீயம்) கிடைத்த காலம் போய்விட்டது. பெரிய தாது கீழே இருந்தால் ஆழச் செலவைப் பல கோடி டன்னில் பங்குபோட்டுவிடலாம். அதனால் பெரிய நிறுவனங்கள் துணிகின்றன. ஐந்து லட்சம் டன் சின்னப் பட்டையால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

நான்காம் படி: ஒரு துளை எத்தனை துளைகளைக் கேட்கும் என்று எண்ணுங்கள்

ஒரு துளையில் தாது கிடைத்தது என்றால் செலவு இனித்தான் தொடங்குகிறது. 200க்கு 150 மீட்டர் பரப்பை 50 மீட்டர் இடைவெளியில் சோதிக்க 20 புள்ளிகள். ஒவ்வொன்றும் 700 மீட்டர் என்றால் 14,000 மீட்டர். எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 250 டாலர் என்று வைத்தால் 35 லட்சம் டாலர். மேலே மிஞ்சிய 84 லட்சத்தில் இதுவும் கழியும்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு: கிளைத் துளை. ஒரு தாய்த் துளையில் 400 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து ஆப்பு வைத்துத் திருப்பி மூன்று கிளைகள் போடுவது. ஐந்து தாய்த் துளையும் 15 கிளையும் என்றால் மொத்தம் 8,000 மீட்டரில் அதே 20 புள்ளிகள் கிடைக்கும். கிளை மீட்டர் விலை கூடுதல்தான், நல்ல ஆளும் வேண்டும். ஆனாலும் ஆழமான வேலையில் கிளைத் துளைத் திட்டம் இல்லாத நிறுவனத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஐந்தாம் படி: ஆண்டுகளுக்கும் விலை உண்டு

அமெரிக்காவின் அரிசோனாவில் ரெசொலூஷன் செம்புத் தாது 1995இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே. உலகின் மிகப்பெரிய செம்புப் படிவங்களில் ஒன்று. கீழே பாறை கொதிக்கிறது, காற்றைக் குளிர்வித்து அனுப்ப வேண்டும். மேலே பூர்வகுடி மக்களின் புனித நிலம். முப்பது ஆண்டுகள் ஓடியும் தாது வெளியே விற்பனைக்கு வரவில்லை. ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று தள்ளிப் பார்த்தால், 12 ஆண்டு கழித்து வரும் 100 ரிங்கிட் இன்றைக்கு 32 ரிங்கிட்டுக்குத்தான் சமம்.

விலை சரிவதை நம் நாடு கண்ணெதிரே பார்த்தது. எங்கள் ஊரில் 1902இலிருந்து ஈயம் உருக்கினார்கள். 1984இல் கோலாலம்பூர் ஈயச் சந்தை திறக்கும்வரை ஈய விலையைப் பினாங்குதான் சொன்னது. மறு ஆண்டு அக்டோபரில் விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈயக் கழகம் பணம் இல்லாமல் கைவிரித்தது, விலை பாதியானது. பகாங்கின் சுங்கை லெம்பிங்கில் 300 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கவழிகள் வெட்டி, பல நூறு மீட்டர் ஆழம் இறங்கிய சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. ஆழத்திலிருந்து ஈயத்தை மேலே கொண்டுவரும் செலவுக்கு அந்த விலை கட்டவில்லை. ஆகவே உங்கள் கணக்கை விலை பாதியானால் என்ன ஆகும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: எங்கே நிறுத்துவது என்று முதல் துளைக்கு முன்பே எழுதுங்கள்

துளை போடுபவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல், "இன்னும் ஒரே ஒரு துளை." இதற்குத் துணையாக ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் கதையைச் சொல்வார்கள். 1975இல் முதல் துளையில் 38 மீட்டர், 1 விழுக்காடு செம்பு. அடுத்து வந்தவை பெரும்பாலும் ஏமாற்றம். பத்தாவது துளையில் 170 மீட்டர், 2.12 விழுக்காடு. இன்று அது உலகப் பெரும் சுரங்கம். உற்பத்தி தொடங்கியது 1988இல்.

உண்மைக் கதைதான். ஆனால் அவர்கள் தொடர்ந்ததற்குக் காரணம் இருந்தது. ஈர்ப்பு அளவையும் காந்த அளவையும் அந்த இடத்தைக் காட்டியிருந்தன. 350 மீட்டர் மூடுபாறைக்கு அடியில் முதல் துளையிலேயே கனமான செம்புப் பாறை அகப்பட்டது. எனவே நிறுத்தும் புள்ளியைத் துளை எண்ணிக்கையில் மட்டும் வைக்காதீர்கள், கற்றுக்கொண்டதில் வையுங்கள். நான் எழுதச் சொல்வது இப்படி: "முதல் மூன்று துளைக்கு இவ்வளவு பணம். அவற்றில் இரண்டிலாவது 4 மீட்டர் உண்மைக் கனத்துக்கு மேல், உச்ச வரம்பு வைத்த பிறகு 5 கிராம் இருந்தால் அடுத்த கட்டம். இல்லையென்றால் பழைய கோரைத் திரும்பப் பார்த்துப் புதுக் காரணம் கிடைத்தால் மட்டும் நான்காவது." பணம் போடுபவராக இருந்தால், நிறுவனத்திடம் இப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளையாக இருந்தால், பெரியவரிடம் பணிவாகக் கேட்டு எழுதி வாங்கி ரிக் கேபினில் ஒட்டுங்கள்.

ஏழாம் படி: காகிதங்கள்

நிலமும் கனிமமும் மாநில அரசின் கையில். ஆய்வு உரிமம் எந்த மாநிலம், எந்தத் தேதி வரை, யார் பெயரில் என்று பாருங்கள்; ஆய்வு உரிமம் இருப்பதால் மட்டும் தோண்டி விற்க முடியாது, அதற்குச் சுரங்கக் குத்தகை தனி. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். பக்கத்தில் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமம் இருந்தால் மண்குழம்பு அவர்கள் குடிக்கும் ஆற்றில் இறங்காமல் குழி வெட்டித் தேக்கினார்களா என்று கேளுங்கள். அந்தத் தண்ணீர் கலங்கி ஓடியதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். துணி துவைக்க வந்த அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் திரும்பிப் போனார். அந்தச் செலவு எந்த பில்லிலும் வராது.

பணம் கேட்கும் நிறுவனத்தின் பெயரைப் பங்கு ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலிலும் பேங்க் நெகாராவின் பட்டியலிலும் தேடுங்கள், நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்மில் சில ரிங்கிட் கட்டினால் இயக்குநர்கள் யார் என்று தெரியும். மாதா மாதம் நிச்சய லாபம் என்று துளையிடும் திட்டம் எதுவும் சொல்ல முடியாது. சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அக்கா மகன் அன்றிரவே எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு, ஐந்து கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினான்: மீட்டர் வாரியான தரம் எல்லாத் துளைக்கும், உண்மைக் கனம், கோர் பெட்டிப் படங்கள், முழுச் செலவு, நிறுத்தும் புள்ளி. முதல் இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது. மற்ற மூன்றுக்காகக் காத்திருக்கிறான், 30,000 ரிங்கிட்டும் வங்கியில்தான் இருக்கிறது.